தங்கை சொன்னது, மகள் சொன்னது

1

மலாயா வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரிந்த மலாய் பஸ்ஸுக்குள் அடங்கிவிடும். டிக்கெட்டைக் காட்டு, உள்ளே தள்ளி நில், இந்த ஸ்டாப்பில் நிற்காது. ஈப்போவில் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருப்பவனுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. போன வாரம் என் மகள் மல்லிகாவைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் அது போதாமல் போயிற்று.

ஊரில் இருப்பவர்களுக்காக இங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்த பிள்ளைகள் நேராக இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. நடுவே ஒரு வருஷம் ‘ரிமூவ் கிளாஸ்’ என்ற ஒன்றில் உட்கார்ந்து இங்கிலீஷைப் பழக வேண்டும். எதை ரிமூவ் செய்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. தமிழைத்தான் என்று என் மனைவி சரசு சொல்வாள்.

ஆபீஸில் ஒரு சீனப் பெண் கிளார்க். எல்லாவற்றையும் தேசிய மொழியில் கேட்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருப்பார்கள் போல. கேள்விகளை ஓர் அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்து, குனிந்து குனிந்து படித்துக் கேட்டாள். அவளுக்கும் மலாய் புதுசு, எனக்கும் அரைகுறை. பெயர் முடிந்தது, பிறந்த இடம் முடிந்தது. அடுத்து, “அகாமா?” என்றாள். மதம் என்ன என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா, “தியாடா” என்றாள்.

மலாயில் ‘அடா’ என்றால் உண்டு. ‘தியாடா’ என்றால் இல்லை. அவள் சொன்னதில் வால் மட்டும்தான் என் காதில் விழுந்தது. உண்டு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, “யா, யா, அடா” என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். கிளார்க் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு மலாயைக் கைவிட்டு இங்கிலீஷில், அப்பா உண்டு என்கிறார், மகள் இல்லை என்கிறாள், நான் எதை எழுதுவது என்றாள்.

எனக்கு மதம் எதுவும் இல்லை மிஸ் என்று மல்லிகா இங்கிலீஷிலேயே சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். அதில் ஒருவர் எங்கள் கோயில் கமிட்டிக்காரர்.

என் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. கையிலிருந்த குடையை நான் எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இருந்துதான் ஆக வேண்டும், வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வந்து ஹெட்மிஸ்ட்ரஸைப் பாருங்கள் என்றாள்.

2

பஸ் ஏறவில்லை. என் கம்பெனி பஸ்ஸிலேயே எல்லார் முன்னாலும் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயந்து நடந்தே வந்தோம்.

“எதுக்கு அப்படிச் சொன்ன?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“இந்துன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அந்தம்மா எழுதிக்கிட்டு அடுத்ததக் கேட்டிருக்கும்.”

“பொய் போடச் சொல்றீங்களாப்பா?”

இங்கே பிறந்த பிள்ளைகள் பொய்யைச் சொல்வதில்லை, ‘போடு’கிறார்கள். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

“எப்ப இருந்து இப்படி?”

“தெரியலப்பா. ரொம்ப நாளா. கும்பிடும்போது யார்கிட்டயும் பேசுற மாதிரியே எனக்கு இல்ல.”

தைப்பூசத்துக்கு இவள்தான் என்னோடு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தவள். அத்தனை வெள்ளிக்கிழமையும் இவள் என் பக்கத்தில் தனியாக நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. சாமி இல்லை என்று அவள் சொன்னதைவிட அதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

“ஒங்க அத்தை சொல்லிக் குடுத்தாளா?”

“அத்தை ஒண்ணுமே சொல்லல. நான்தான் கேட்டேன்.”

ரெண்டு வருஷம் முன்பு குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தபோது இவள் பள்ளி விடுமுறை முழுக்க என் தங்கை பொன்னம்மாள் வீட்டில் இருந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பொன்னம்மாளிடம் ஒன்றைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். இந்த அதிர்ச்சி எனக்கு இரண்டாவது முறை.

3

எங்கள் ஊர் அரிமளத்திலிருந்து நடந்து போகிற தூரம். பெயரை எழுதவில்லை, அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் கப்பல் ஏறினேன். ராஜா போனதும் எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவுக்குப் போய்விட்டது. நான் மலாயாவுக்கு வந்துவிட்டேன். இரண்டில் எது பெரிய மாற்றம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

பொன்னம்மாள் எனக்கு நேர் இளையவள். புதுக்கோட்டையில் டிரெய்னிங் முடித்து, ஊரிலேயே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவள் புருஷன் சின்னையா, விவசாயம். அமைதியான மனிதர், பெரிய பக்திமான். அவர்களுக்கு முத்து என்று ஒரு பையன் பிறந்தான். இரண்டு வயதானதும் அம்மன் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் நான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் வரட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் முத்து வயிற்றுப்போக்கில் போய்விட்டான்.

இங்கே எனக்குச் செய்தி வந்தபோதே காரணமும் சேர்ந்து வந்தது. நேர்ந்துகொண்ட முடியை இறக்காமல் தள்ளிப் போட்டதால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஊரே சொல்கிறதாம். அதைச் சொன்னவர் கப்பலில் வந்திறங்கிய ஊர்க்காரர். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் வராததால்தான் தள்ளிப் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நான் இங்கே கோயில் கமிட்டியில் சேர்ந்தேன். தண்ணீர்ப் பந்தல் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒருவழியாக லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். பங்குனித் திருவிழா. பொன்னம்மாள் வழக்கம்போல இருந்தாள். கோயிலுக்கு வந்தாள், விளக்குப் போட்டாள். என்னிடம் முத்துவைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பக்கத்துத் தெருவில் வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண். பத்தொன்பது இருபது வயது இருக்கும். பொன்னம்மாளிடம் படித்தவள். அந்த வருஷத் தையில் அவளுடைய கைக்குழந்தை இறந்திருந்தது. குலதெய்வத்துக்கு ஏதோ குறை வைத்துவிட்டாள் என்று குறி சொன்னவன் சொல்லிவிட்டான். பரிகாரமாகத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க வேண்டும். மண்சட்டியில் நெருப்பை வளர்த்து, வேப்பிலையை மட்டும் அடியில் வைத்து, வெறும் கையில் ஏந்தி ஊருணியிலிருந்து கோயில் வரை நடக்க வேண்டும். ஆனால் வள்ளிக்கண்ணு ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

பொன்னம்மாள் முதலில் அவளுடைய மாமியார் அடைக்கம்மையிடம் போனாள்.

“காச்சல் கொறையட்டும், அடுத்த வருசம் எடுக்கட்டுமே” என்றிருக்கிறாள்.

“தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா டீச்சரு? ஒம் புள்ளையப் பாத்துத்தானே நாங்க பயப்படுறோம்” என்று அடைக்கம்மை சொல்லிவிட்டாள்.

பொன்னம்மாள் ஊர்த் தலைவர் அம்பலக்காரரிடமும் போனாள். அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. கடைசியில் என்னிடம் வந்தாள். நான் மலாயாவிலிருந்து கோயிலுக்கு வெண்கல மணி கொண்டுபோயிருந்தேன். அந்தத் திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டுவதாக இருந்தார்கள்.

“நீ சொன்னாக் கேப்பாங்கண்ணே.”

“நேந்துக்கிட்டதுல நாம தலையிடக் கூடாதும்மா” என்றேன். முத்துவை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

4

தீச்சட்டி எடுக்கும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மஞ்சள் சேலை, ஈரத் தலை, முன்னால் கொட்டும் உறுமியும். நல்ல உச்சிப் பொழுது. நான் தலையில் பரிவட்டத்தோடு அம்பலக்காரர் பக்கத்தில் கோயில் வாசலில் நின்றேன். வள்ளிக்கண்ணு கடைசியில் வந்தாள். நடந்தாள் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஆட்கள் தோளை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் எங்கோ செருகியிருந்தது. சாமி வந்திருக்கிறது என்று கூட்டம் குலவை போட்டது.

அப்போதுதான் பொன்னம்மாள் கூட்டத்திலிருந்து இறங்கி நடுவே போனாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, வள்ளிக்கண்ணு கையிலிருந்த சட்டியை வாங்கித் தரையில் வைத்தாள்.

கொட்டு நின்றுவிட்டது. சாமி சட்டி தெருப் புழுதியில் இருந்தது.

“டீச்சர்! என்ன காரியம் பண்றீங்க?” அம்பலக்காரர் கத்தினார்.

“இவளுக்குக் காச்சல் அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

“எடுத்துக் குடுங்க சட்டிய. ஒங்களுக்குத் தெரியாததா? நேந்த முடியத் தள்ளிப் போட்டுத்தானே ஒங்க புள்ளையையே பறி குடுத்தீங்க? இந்தப் புள்ளையும் அப்படிப் போகணுமா?”

பொன்னம்மாள் சட்டியை எடுக்கவில்லை. சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று பேசுவதுபோலப் பேசினாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குச் சாமி நம்பிக்கை கெடையாது. ரொம்ப நாளாவே கெடையாது. எம்புள்ள வயித்துப்போக்குல செத்தான். ஒடம்புல தண்ணி வத்திச் செத்தான். எந்தச் சாமியும் அவனைக் கொண்டுபோகல, நானும் அவனைப் பறி குடுக்கல. அவனை இனிமே யாரும் சாட்சிக்கு இழுக்காதீங்க.”

ஒரு பெண் இரண்டு கையாலும் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். “நாக்கு அழுகிப் போயிரும்டீ” என்று யாரோ கத்தினார்கள். ஒரு பிடி மண் பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்பது என் தங்கைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் நாள் மாலை விளக்குப் போட்டவள் அவள்.

“டீச்சர், என்னைய விட்ருங்க டீச்சர், சட்டியக் குடுங்க” என்று வள்ளிக்கண்ணு அழுதாள். அழுதுகொண்டே முழங்கால் மடிந்து உட்கார்ந்தவள், அப்படியே சரிந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். சாமி வந்தவளுக்குக் கை சுடாது என்பார்கள்.

கூட்டம் அசையவில்லை. சின்னையா மட்டும் வந்தார். அவரும் அன்று பால்குடம் எடுப்பதற்காகக் கையில் காப்பு கட்டியிருந்தார். காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தெய்வக் குற்றம். அவர் வள்ளிக்கண்ணைத் தூக்கி வண்டியில் போட்டு மாட்டைப் பூட்டினார்.

“சின்னையா, காப்போட எல்லை தாண்டாத. ஆத்தா சும்மா விட மாட்டா” என்றார் அம்பலக்காரர்.

“ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேங்க. அவ எனக்குத் தெரிஞ்சவதானே” என்றார் சின்னையா. பொன்னம்மாள் ஏறி அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அரிமளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டைபாய்டு என்று சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள்.

5

மறுநாள் திரும்பி வந்த பொன்னம்மாளிடம் நான் குதித்தேன்.

“ஒனக்கு நம்பிக்கை இல்லேன்னா ஒன் மனசோட வச்சுக்க. யாரு கேட்டா? ஊரக் கூட்டி நடுத் தெருவுல சொல்லணுமா?”

“மனசோடதான்ணே வச்சிருந்தேன். கோயிலுக்கு வந்தேன், வெளக்குப் போட்டேன். யாரையும் நோகடிக்க வேணாம்னுதான். எம்புருசன் மனசு சங்கடப்படும்னுதான்.”

“பெறகு என்ன?”

“நான் வாயத் தொறக்காம இருக்க இருக்க, எல்லாரும் என்னையத் தங்களோட ஆளுன்னு கணக்குப் பண்ணிக்கிட்டாங்க. வள்ளிக்கண்ணுக்குக் காச்சல்னு சொன்னா, ஒம் புள்ளையப் பாருங்கறாங்க. தள்ளிப் போடுங்கன்னா, நீ தள்ளிப் போட்டுத்தானேங்கறாங்க. நம்புறவளா நின்னு நான் என்ன பேசினாலும் முத்துதான் அவுகளுக்குச் சாட்சி. நான் நம்பலன்னு சொன்னாத்தான் அவனை அவுக கையில இருந்து வாங்க முடியும். வேற வழி எனக்குத் தெரியலண்ணே.”

“நாலு பேர்கிட்ட மெதுவாச் சொல்லியிருக்கலாம்.”

“நீங்கல்லாம் மெதுவாவா சொல்றீங்க? கொட்டு வச்சுச் சொல்றீங்க. அது யாருக்கும் சத்தமாத் தெரியல. நான் ஒரே ஒரு தரம் சொன்னது ஊருக்கே கேட்டுருச்சு.”

கோபத்தில் அதுவரை யாரிடமும் சொல்லாதது வாயில் வந்துவிட்டது.

“சாமி கொண்டுபோகலேன்னா, அப்ப நான் வராததால முத்து சாகல?”

முதல் நாள் மண் வாரி எறிந்தபோது இல்லாத அதிர்ச்சி அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது.

“நீ அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு இத்தன வருசமா அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்த?”

நான் தலையாட்டினேன்.

“ஐயோ அண்ணே” என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவளுடைய பிள்ளை செத்ததற்கு அவள் என்னைத் தேற்றினாள்.

ஊர் அவர்களோடு பேசுவதை நிறுத்தியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சின்னையாவைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தார். இவளைக் கண்டித்து வையுங்கள் என்று நானே அவரிடம் சொன்னேன்.

“அவ சொன்னது அவளோடது மச்சான். நான் கும்பிடுறது என்னோடது. ரெண்டும் ஒரே சட்டிச் சோத்துலதான் வளருது” என்றார்.

ஒரு வாரம் கழித்து, நடுப்பகலில் தெருவே பார்க்க அடைக்கம்மை வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே வந்தவள் கதவைச் சாத்தாமலே தரையில் உட்கார்ந்தாள்.

“டீச்சரு, நான் மூணு பறி குடுத்தவ. மூணுக்கும் எம்மேலதான் குத்தம் சொன்னாக. மொதப் புள்ளைக்குப் பொங்க வச்சது சரியில்லேன்னாக. ரெண்டாவதுக்கு வெலக்கோட கோயிலுக்குள்ள போயிட்டேன்னாக. மூணாவதுக்குக் காரணங்கூட யாரும் சொல்லல, நானே தேடிக்கிட்டேன்.”

பொன்னம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நான் ஆத்தாள விட மாட்டேன். நீ சொன்னது பாவம்னுதான் நெனைக்கிறேன். ஆனா நீ அன்னைக்கி அப்படிச் சொன்ன பெறகு, வீட்டுக்குப் போயி அந்த மூணுக்குமா அழுதேன். அதுவரைக்கும் பயந்துக்கிட்டு இருந்தேனே தவிர, அழுகலடி. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

வந்தமாதிரியே எழுந்து போய்விட்டாள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

நான் திரும்பக் கப்பல் ஏறுவதற்கு முன்பே பொன்னம்மாளுக்குக் கொடும்பாளூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு போனார்கள், இன்றைக்கும் அங்கேதான். ஊர் நிலத்தைச் சின்னையா குத்தகைக்கு விட்டார். அவள் அதற்குப் பிறகு மேடையேறிப் பேசியதில்லை, எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. யாராவது கேட்டால் மட்டும் இல்லை என்பாள்.

6

இங்கே செய்தி நாங்கள் வீடு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. சரசு அழுதாள். கமிட்டிக்காரர் மறுநாள் பஸ்ஸிலேயே என்னைப் பிடித்தார்.

“சின்னப் பிள்ளை, தெரியாமச் சொல்லியிருக்கும். ஆபீஸ்ல போய்த் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கும் நல்லது. தைப்பூசம் வருது பாருங்க.”

இங்கே நாம் கொஞ்சம் பேர். நம்மவர் என்று காட்டிக்கொள்ளக் கோயில் ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை எனக்கு இல்லை என்று சொன்னால், சாமியை மட்டும் சொன்னதாக யாருக்கும் படுவதில்லை, எங்கள் எல்லாரையும் வேண்டாம் என்று சொன்ன மாதிரி வலிக்கிறது. அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

இந்து என்று போட்டுவிடலாம் என்று நான்கு நாள் மல்லிகாவிடம் மன்றாடினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. “நீங்க போடுங்கப்பா, நீங்கதானே கையெழுத்து. என்னைக் கேட்டா மட்டும் நான் இல்லன்னுதான் சொல்வேன்” என்றாள். அத்தையிடம் என்னதான் கேட்டாய் என்றேன்.

“சாமி இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லணுமா அத்தைன்னு கேட்டேன். சண்டை போடறதுக்காகச் சொல்லாத, கேட்டா மறைக்காதன்னாங்க. மறைச்சா என்னன்னேன். ஒன்ன மாதிரி இன்னொரு பிள்ளை பக்கத்துலயே நின்னாக்கூட ரெண்டு பேருக்கும் தெரியாமப் போயிரும்னாங்க.”

சொன்னபடி பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. சிலுவைச் சங்கிலி போட்டிருந்தார். தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது, அதே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது. சீனப் பெண்ணிடம் மழுப்புகிற மாதிரி இவரிடம் முடியாது.

“பிள்ளை சொல்லுறதைக் கேட்டன். நீங்கள் தகப்பன், என்ன சொல்லுறியள்?”

“நான் கோயிலுக்குப் போறவங்கம்மா. சாகுற வரைக்கும் போவேன். அவ இல்லைங்கிறா. அவளைக் கேட்டா அவ சொல்றதை எழுதிக்குங்க.”

சொல்லி முடித்தபோது நானே ஏதோ சட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டேன் போலிருந்தது. அந்த அம்மா மல்லிகா பக்கம் திரும்பினார். ஜெபத்தின்போது எழுந்து நிற்பாயா என்று கேட்டார். நிற்பேன், ஆனால் சொல்ல மாட்டேன் என்றாள் இவள். எழுதிக்கொண்டார்.

இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலை வேறு ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவனாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். போவேன்.

அந்த நான்கு நாளில் அத்தை ஊரில் செய்ததையும் மல்லிகாவிடம் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

“அன்னைக்குக் கோயில் வாசல்ல அத்தைக்குப் பயமா இருந்துச்சாப்பா?”

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஊரில் இன்றைக்கும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள். நான் அதைத் தைரியம் என்றுதான் நினைத்துவந்தேன். அவள் கேட்டபோதுதான் கண்ணுக்கு எதிரில் பார்த்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

“வெடவெடத்துக்கிட்டு இருந்தாம்மா. பேசி முடிக்கிற வரைக்கும் ஒடம்பே வெடவெடத்துச்சு.”

“வெடவெடத்துச்சுன்னா?”

அந்தச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் என்ன சொல்வது என்று எனக்கும் சட்டென்று வரவில்லை. தெரு ஓரத்தில் நின்று, கையை முன்னால் நீட்டி விரல்களை நடுங்கவிட்டுக் காட்டினேன்.

“ஓ, அதுவா” என்றாள். “எனக்கும் அந்த ஆபீஸ்ல அப்படித்தான் இருந்துச்சுப்பா.”